வெங்கடாசலம் சட்டம்

மசோதாவின் நகல் செவ்வாய்க்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெயபிரகாஷ் அதைப் போனில் திறந்தான். மேலே ஓர் எண். அதன் கீழே, இந்தச் சட்டம் 'வெங்கடாசலம் சட்டம்' என்று அழைக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அவன் பேச வேண்டிய முறை வந்தது. "என் சைடுல எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

வெங்கடாசலம் அவனுடைய மாமனார். ஈரோட்டில் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். இறந்துபோனது யாமினி. அவருக்கு மகள், இவனுக்கு மனைவி. முப்பத்தொரு வயதில், பதினான்கு மாதங்களுக்கு முன்னால், ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள்.

மசோதா சிறியது. எலும்பு மஜ்ஜை தானம் செய்பவர்களுக்கு, அதற்காக லீவு போட்ட நாட்களின் சம்பளத்தில் நியூஜெர்சி மாநில வரி கிடையாது. அது முதல் பாதி. இரண்டாவது பாதி, வருமான வரிப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம். விருப்பமிருந்தால் ரீஃபண்டில் பத்து டாலரோ இருபது டாலரோ ஒரு நிதிக்கு விட்டுக்கொடுக்கலாம். இந்தியர்கள் மாதிரி, கொடையாளர் பதிவேட்டில் ஆள் குறைவாக இருக்கும் இனங்களில் கொடையாளர்களைத் தேட அந்த நிதி. அப்படிப்பட்ட கட்டங்கள் படிவத்தில் ஏற்கெனவே நிறைய உண்டு. போன வருடம் யாமினியின் பெயரையும் சேர்த்துக் கடைசியாகத் தாக்கல் செய்தபோது ஜெயபிரகாஷ் அவற்றைப் பார்த்தான். காட்டு விலங்குகளுக்கு, குழந்தைகள் நலத்துக்கு என்று வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டான். அதற்கு முந்தைய பக்கத்தில் மனைவி இறந்த தேதியைப் போடச் சொல்லியிருந்தார்கள். அதைப் போட்ட பிறகு விலங்குகளைப் பற்றி யோசிக்க முடியவில்லை.

பெயர் எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பள்ளிச் சான்றிதழில் அவள் வெ. யாமினி. பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஓர் எழுத்தை விரித்துக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதினார்கள். அமெரிக்காவில் இறங்கிய நாளிலிருந்து அந்தக் கட்டம்தான் அவள். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற ஆசைப்பட்டாள். பாஸ்போர்ட்டை மாற்றினால் விசாவை மாற்ற வேண்டும், லைசென்ஸை மாற்ற வேண்டும். "கிரீன் கார்டு வரட்டும், எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திக்கலாம்" என்று சொன்னது ஜெயபிரகாஷ்தான்.

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாசலில் நின்று "மிஸஸ் வெங்கடாசலம்" என்று கூப்பிடுவாள். யாமினி தலையில் கட்டிய துணியைச் சரி செய்துகொண்டே இவன் பக்கம் திரும்புவாள். "அவர் வரலைன்னு சொல்லு. நான்தான் வந்திருக்கேன்" என்பாள்.

மதியம் அல்போன்சா ஆன்ட்டிக்குப் போன் செய்தான். நாகர்கோவில்காரர். முப்பது வருடம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். பார்சிப்பனி வட்டாரத்தில் எந்தக் கோயில் விழா, எந்த சர்ச் பஸார் நடந்தாலும் ஒரு மேஜை போட்டு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடையாளர் பதிவு செய்வார். மசோதாவுக்காக இரண்டு வருடமாக நடையாய் நடந்தவர்.

"ஆன்ட்டி, பேரு தப்பா இருக்கு."

"எந்தப் பேரு மக்களே?"

"அது அவங்க அப்பா பேரு."

"ஆமா, லாஸ்ட் நேம் அதுதானே? ஃபார்ம்ல அப்படித்தான் இருந்துது. அதனால என்ன, அவளுக்கு அப்பா, உனக்கு மாமா. அவரும் ஒத்துக்கிட்டாரே."

"யாரு ஒத்துக்கிட்டா?"

"வெங்கடாசலம் சார்தான். நான் நம்பர் வாங்கிப் பேசினேன். உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அழகா ஒரு லெட்டர் அனுப்பியிருக்காரு, நோட்டரி சீல் எல்லாம் வச்சு. பெத்த தகப்பன் எழுதினதை வாசிச்சா மெம்பர்ஸ் உருகிடுவாங்க பாரு."

ஆன்ட்டி லைனில் இருக்கிறானா என்று இரண்டு முறை கேட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குத் தெரியாது. ஜெயபிரகாஷ் யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் யாமினி இவனைக் கட்டிக்கொண்ட அன்றோடு அந்த வீட்டில் அவள் பேச்சு நின்றுபோனது. இவன் விருதுநகர்ப் பக்கம், வேறு ஆட்கள். அதுவரை அது ஊரில் நடக்கிற கதை. நோய் வந்த பிறகு பதிவேடு முழுக்கத் தேடினார்கள். பொருத்தமானவர் யாருமில்லை. கூடப்பிறந்தவன் பொருந்துவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். யாமினிக்கு ஒரு தம்பி. பஞ்சுக்குச்சிகள் இருந்த சின்னப் பெட்டியைக் கூரியரில் ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று மூன்றாம் நாள் செய்தி வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. கடைசியில் தம்பி ஒரு மெசேஜ் அனுப்பினான். தனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அக்காவுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், கல்யாணம் முடியும்வரை பெட்டியைப் பிரிக்க வேண்டாமென்று அப்பா சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்தான். கடைசியில் 'ஸாரிக்கா'.

பெட்டி போய்ச் சேர்ந்த பத்தாவது வாரம் தம்பியின் கல்யாணம் நடந்தது. யாமினி எட்டாவது வாரம் இறந்தாள்.

வியாழக்கிழமை மசோதா சட்டமன்றக் கமிட்டி முன்னால் வந்தது. காலையில் அல்போன்சா ஆன்ட்டியின் காரில் மாநிலத் தலைநகர் ட்ரென்டனுக்குப் போனார்கள். 287-ஆம் நெடுஞ்சாலை முழுக்க அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். கமிட்டியில் யார் யார் நம் பக்கம், யார் வழவழா. ஜெயபிரகாஷ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாருக்கும் இவனுக்கும் என்ன பிரச்சினை என்று ஆன்ட்டி ஒருமுறை கேட்டார். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றான்.

சட்டமன்றக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் வெண்பா காத்திருந்தாள். மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அமெரிக்காவிலேயே, எடிசனில் பிறந்து வளர்ந்தவள், முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். இவன் தமிழில் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் மட்டும் ஆங்கிலத்தில் வந்தது.

பெயரை மாற்றலாம், ஆனால் குடும்பம் ஒத்துப்போக வேண்டும் என்றாள். சம்மதக் கடிதம் கொடுத்தவர் தகப்பன். அவர் இரண்டு வரி மெயில் அனுப்பினால் போதும், கமிட்டி கூடும் பதினோரு மணிக்குள் 'யாமினி சட்டம்' என்று திருத்தித் தந்துவிடுவேன். குடும்பத்துக்குள் தகராறு என்று போனால் கமிட்டி சேர்மன் பெயரையே எடுத்துவிடுவார். முழுசாக. அவருக்கு அந்த மாதிரித் தலைவலிகள் பிடிக்காது.

"எடுத்தா மசோதா நிக்குமா?"

"நிற்கும். பெயர் இல்லாமல் நிற்கும்." கடிகாரத்தைப் பார்த்தாள். "இந்தியாவில் இப்போது ராத்திரி எட்டு. தூங்கியிருக்க மாட்டார். கூப்பிடுங்களேன்."

"கூப்பிடு மக்களே" என்றார் ஆன்ட்டி. "ஒரு போன்தானே?"

நம்பர் அவனிடம் இருந்தது. அந்த எட்டு வாரங்களில் யாமினியின் போனிலிருந்தும் தன் போனிலிருந்தும் மாறி மாறி அழுத்திய நம்பர். ஜெயபிரகாஷ் போனைக் கையில் எடுத்தான். திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மனுஷனிடம் போய் ஒன்று கேட்பதா? அதுவும் தயவு?

போனைப் பைக்குள் வைத்தான்.

"வேணாம்."

"பிடிவாதம் பிடிக்காத. அந்தப் பிள்ளைக்காகத்தானே கேக்கப் போற?"

"வேணாம் ஆன்ட்டி."

வெண்பா உள்ளே போய்விட்டாள்.

கமிட்டி அறை நினைத்ததைவிடச் சிறியது. உயர்ந்த மேஜைக்குப் பின்னால் ஒன்பது உறுப்பினர்கள். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பேகல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் ஆன்ட்டி எண்ணிக்கைகளைச் சொன்னார். பிறகு மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரம்மா வெங்கடாசலத்தின் கடிதத்தை எடுத்து வாசித்தார். யாரோ ஈரோட்டு வக்கீல் எழுதித் தந்த ஆங்கிலம். 'எங்கள் வீட்டு விளக்கு அணைந்துவிட்டது. அவளைக் காப்பாற்ற ஒரு தகப்பனால் முடிந்ததையெல்லாம் செய்தோம். கடவுளின் சித்தம் வேறாக இருந்தது. எங்கள் குடும்பத்தின் பெயர் மற்ற உயிர்களைக் காக்கட்டும்.' பேகலை வைத்துவிட்டார் அந்த மனிதர்.

ஜெயபிரகாஷைக் கூப்பிட்டார்கள்.

ஆன்ட்டி தட்டச்சு செய்து கொடுத்திருந்த தாளை அவன் பிரிக்கவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். வேலையில் பேசுகிற அதே குரலில் பேசினான்.

"என் மனைவிக்குப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கவில்லை. அவளுக்கு ஒரு தம்பி உண்டு. அவனுக்கு ஒரு டெஸ்ட் கிட் அனுப்பினோம். அவள் சாகும்வரை அதைப் பிரிக்கவில்லை. கன்னத்துக்குள் பஞ்சைத் தேய்க்க ஒரு நிமிடம் ஆகும். தம்பிக்குக் கல்யாணப் பேச்சு நடந்தது, அக்காவின் வியாதி தெரிந்தால் அது கெட்டுவிடும். பிரிக்காதே என்று சொன்னவர்தான் இப்போது நீங்கள் வாசித்த கடிதத்தை எழுதியிருக்கிறார். நீங்கள் சட்டத்துக்கு வைத்திருப்பது என் மனைவியின் பெயர் அல்ல. அவருடைய பெயர். அதை எடுத்துவிடுங்கள். மசோதாவுக்கு ஓட்டுப் போடுங்கள்."

ஒன்றேகால் நிமிடம் மிச்சமிருந்தது. ஆன்ட்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெண்பாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தலைப்பிலும் முதல் பிரிவிலும் உள்ள பெயரை நீக்குவதற்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். இல்லை. நீக்கப்பட்டது. திருத்தத்தோடு மசோதா. ஒன்பதுக்குப் பூஜ்யம் ஓட்டில் தேறியது.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்" என்றார் சேர்மன். முன்னால் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். "நன்றி, மிஸ்டர் வெங்கடாசலம்."

ஜெயபிரகாஷ் எழுந்து வெளியே வந்தான்.

தாழ்வாரத்தில் ஆன்ட்டி அவனைப் பிடித்துக்கொண்டார். அழுதிருந்தார். கோபமும் இருந்தது.

"எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருந்தா அந்த ஆளுகிட்ட லெட்டர் வாங்கப் போயிருப்பேனாடா?"

"சொல்லியிருக்கணும்."

"இப்பப் பாரு. பேரே இல்லாமப் போச்சே."

அப்போது போன் அடித்தது. ஈரோட்டு நம்பர். அந்த நம்பர் அவனை அழைத்தது இதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் போய் எடுத்தான்.

"பாத்தனப்பா" என்றார் வெங்கடாசலம். "நெட்ல லைவ்ல போடறாங்கன்னு அந்த நர்ஸ் அம்மா லிங்க் அனுப்பிச்சுது. சொந்தபந்தம் எல்லாத்தையும் கூப்ட்டு டிவில போட்டு உக்காந்திருந்தோம். மருமக ஊட்டுக்காரங்களும் வந்திருந்தாங்க."

ஜெயபிரகாஷ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"இப்ப எல்லாம் எந்திரிச்சுப் போய்ட்டாங்க."

பின்னால் ஒரு பெண் யாரையோ உரக்கக் கேள்வி கேட்கும் சத்தம் வந்தது. தம்பி மனைவியாக இருக்கலாம். ஒரு கதவு சாத்தப்பட்டது.

"நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. நாஞ் செஞ்சது செஞ்சதுதான். ஆனா எம்பேரு வேண்டாம்னா எங்கிட்டச் சொல்றதுக்கென்ன? மாத்தி அவ பேர வெய்யின்னு எழுதிக் குடுத்திருப்பன்ல? அதுகூட மாட்டேன்னு சொல்ற ஆளா நானு? ஒரு போன் பண்ணியிருக்கலாமப்பா."

"பண்ணினோம்" என்றான் ஜெயபிரகாஷ். "எட்டு வாரம் பண்ணினோம்."

"அது அப்ப" என்றார் அவர். "இன்னிக்குப் பண்ணியிருக்கலாம். இன்னிக்கு எடுத்திருப்பன்." பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அத்தன பேர் முன்னால பேசுனியே, அவ பேர நீயும் ஒருக்காக்கூடச் சொல்லலியே. பாத்துட்டேதான் இருந்தன். சொல்லவே இல்ல."

லைன் துண்டானது. அவர் வைத்தாரா, தானே அறுந்ததா என்று தெரியவில்லை.

ஜெயபிரகாஷ் தான் பேசியதை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். என் மனைவி. அவள். அக்கா. என் மனைவியின் பெயர். இன்னொரு தடவை ஓட்டினான். கிழவர் சொன்னது சரி. ஒன்றேகால் நிமிடம் வேறு மிச்சம் வைத்திருந்தான்.

தன் மேல்கோட்டை உள்ளே நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். எடுக்கப் போனான். அடுத்த மசோதா ஆரம்பித்திருந்தது. படகு வாங்குபவர்களுக்கு விற்பனை வரியில் இன்னும் கொஞ்சம் விலக்கு. கடற்கரைப் பக்கத்து வியாபாரி ஒருவர் ஏதோ சொன்னார், உறுப்பினர்கள் சிரித்தார்கள். இந்த முறை யாரும் போனைப் பார்க்கவில்லை. எந்த நீளப் படகு, உள்ளே இன்ஜினா வெளியே இன்ஜினா என்று மாறி மாறிக் கேட்டார்கள்.

வாசலில் நின்று ஆன்ட்டி கையைக் காட்டிக் கூப்பிட்டார், பார்க்கிங் நேரம் முடிகிறதென்று. ஜெயபிரகாஷ் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். படகுகளைப் பற்றி அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.