ஒன்பது என்றால் பத்து

டெக்சாஸில் இருக்கும் கேட்டி ஊர்த் தமிழ்ச்சங்கத்தின் அழைப்பிதழில் போட்டிருக்கிற நேரத்தை யாரும் நம்புவதில்லை. அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டுதான் பட்டுப்புடவையையே வெளியே எடுப்பார்கள். அழைப்பிதழ் அடிக்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் அவர்கள் முன்கூட்டியே ஒரு மணி நேரத்தைக் குறைத்துப் போட்டுவிடுவார்கள். இப்படி இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதால் பொங்கல் விழா ஒருவழியாகச் சரியான நேரத்துக்குத் தொடங்கிவிடும்.

இந்தக் கலையில் கைதேர்ந்தவன் சங்கத்தின் செயலாளர் கதிர். பாவம், அவன் மனைவி எழிலரசிக்கும் அது ஒட்டிக்கொண்டது.

எழிலரசி சென்னையில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி டெக்சாஸ் வந்ததும், வேலைக்குப் போக விசாவில் இடமில்லை என்று வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கடுப்பில் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாள். ஈரோட்டு ராகம் ஒட்டிய ஸ்பானிஷ்தான், ஆனாலும் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டது. வேலை செய்ய அனுமதி கிடைத்த சமயம், பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஒரு பேராசிரியை திடீரென்று ஊர் மாறிப் போக, அவர் எடுத்த வகுப்பை இவளிடம் கொடுத்தார்கள். கடை, கிளினிக், சர்ச் என்று நடத்தும் ஸ்பானிஷ் பேசும் மக்களுக்கு மக்கள் தொடர்பு சொல்லித்தர வேண்டும். சனிக்கிழமை அறிமுகக் கூட்டம். அன்றைக்கே இருபது பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து, வேலையும் காலி. எழிலரசிக்கு இந்த வேலை உயிருக்கு மேலாகத் தேவைப்பட்டது.

நோட்டீஸ் தயாராகும்போது கதிர் எட்டிப் பார்த்தான்.

"கூட்டம் டென்னுக்கா? நைன்னு போடு எழில்."

"எதுக்குங்க?"

"வீக்கெண்டு. டென்னுன்னு போட்டா லெவனுக்குத்தான் வருவாங்க. நான் எத்தன ஃபங்ஷன் ஆர்கனைஸ் பண்ணியிருக்கேன்!"

"அது நம்மாளுங்க."

"எல்லாரும் நம்மள மாதிரிதான் எழில்."

இது அவளுக்குப் பரந்த மனசின் பேச்சாகப் பட்டது. ஒன்பது என்று போட்டாள். 'யாரிடம் பேசப் போகிறோமோ அவர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்' என்று முதல் பாடத்துக்கு ஸ்லைடு செய்து வைத்திருந்த டீச்சர் செய்த காரியம் இது.

சனிக்கிழமை காலை ஒன்பது தாண்டியிருந்தது. வருகிறவர்களுக்கு இனிப்பு பன் வாங்க அவள் பேக்கரி வரிசையில் நின்றபோது துறைத் தலைவி மாரிபெல் போன் செய்தாள்.

"எங்க இருக்க? வாசல்ல ஒரு கூட்டமே நிக்குதாம். கதவு பூட்டியிருக்காம். எனக்கு போன் மேல போன் வருது."

எழிலரசி கிடைத்த பன்னை வாங்கிக்கொண்டு ஓடினாள். காரில் ஏறியதும் கதிரை அழைத்தாள்.

"ஃப்ரீவேல ஆக்சிடென்ட்னு சொல்லிடு" என்றான் அவன், கொஞ்சமும் பதறாமல். "தெனம் ஒண்ணு நடக்குது. யாரு போய் செக் பண்ணப் போறா?"

அவள் காலேஜுக்குள் திரும்பியபோது எதிரே கார்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. வாசலில் பத்துப் பேர்கூட மிச்சமில்லை. பிறந்தநாள் கேக் செய்து விற்கும் நோர்மா படியில் உட்கார்ந்திருந்தாள். கூரை போடும் கம்பெனி வைத்திருக்கும் எஃப்ராயின் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"ஒரு வீட்டுக் கூரையப் பாதி பிரிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றான். "ஒன்பதுன்னு சொன்னீங்க, ஒன்பதுக்கு முன்னாடியே வந்தேன். என்ன ஆச்சு?"

ஃப்ரீவே விபத்து நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த மனிதனின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"கூட்டம் பத்து மணிக்குத்தான். நீங்க லேட்டா வருவீங்கன்னு நானே நெனச்சுக்கிட்டு ஒன்பதுன்னு போட்டேன்."

தன் வாயாலேயே வேலையைத் தொலைத்துவிட்டோம் என்று எழிலரசிக்கு அழுகை முட்டியது.

"நாங்க லேட்டா வருவோம்னு யார் சொன்னது?" என்றாள் நோர்மா.

"யாரும் சொல்லல. எங்க ஆளுங்கதான் லேட்டா வருவாங்க. உங்களையும் எங்கள மாதிரி நெனச்சுட்டேன்." தமிழ்ச்சங்கக் கணக்கு முழுவதையும் விளக்கினாள்.

நோர்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப உங்க கல்யாணம் எத்தன மணிக்கு நடந்துச்சு?"

"அது மட்டும் கரெக்ட் டைம். நல்ல நேரம் போயிடுமே. அதுக்கும் பாதிப் பேர் சாப்பாட்டுக்குத்தான் வந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள், எஃப்ராயினைத் தவிர. "சரி, கோவிச்சுக்கிட்டுப் போனாங்களே, அவங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

நியாயமான கேள்வி. அதைத்தான் சொல்லித்தர வந்திருந்தாள் அவள். கதவைத் திறக்கக்கூட மறந்து, படியிலேயே உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு செய்தி எழுதினாள். 'எதிர்பாராத காரணங்களால்' என்று தொடங்கியதை எஃப்ராயின் எட்டிப் பார்த்து, "அது பொய்யில்ல?" என்றான். அந்த வரியை அடித்துவிட்டாள். நான்கு வரியை நோர்மா ஒன்றாக்கினாள். கடைசியில் எழுத்தே வேண்டாம், குரலில் சொல்லுங்கள் என்றார்கள். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்து, போனில் குரலைப் பதிவு செய்தாள்.

"தப்பான நேரம் போட்டது நான்தான். மன்னிச்சிடுங்க. கதவு திறந்திருக்கு, சாயந்தரம் வரைக்கும் இங்கேயே இருப்பேன்."

நோர்மா அதைத் தன் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் தட்டிவிட்டாள். எஃப்ராயின் காரில் ஏறிப் போய்விட்டான்.

ஒருவர், இருவராகத் திரும்பி வந்தார்கள். சிலர் திட்டிவிட்டுச் சேர்ந்தார்கள், சிலர் பன்னைத் தின்றுவிட்டுப் போனார்கள். சாயந்தரம் மாரிபெல் வந்து எண்ணிப் பார்த்து, "பதினெட்டு" என்றாள், எழிலரசியின் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விளக்கை அணைக்கப் போகும் சமயத்தில் எஃப்ராயின் வந்து நின்றான். பின்னால் அவன் தம்பிகள் இரண்டு பேர், தார் அப்பிய பூட்ஸோடு.

"கூரைய முடிச்சுட்டுத்தான் வர முடிஞ்சுது" என்றான். "டீச்சர், நம்ம மொதல் கிளாஸ் எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்கு."

"உங்க ஆறா, எங்க ஆறா?"

"உங்க ஆறு" என்று சொல்லும்போதே எழிலரசிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று பேருக்கும் பேனா எடுத்துக் கொடுத்தாள்.