மரியாதை தெரிந்த திருடர்கள்

போன வருடம் எங்கள் பூக்கடையின் வாட்ஸ்அப்பைத் திருடர்கள் அடிக்கடி கைப்பற்றினார்கள். யாராவது பவ்யமாகக் கேட்டால் ரகசிய எண்ணை எடுத்துக் கொடுத்துவிடுகிற நல்ல மனசு எனக்கு. உடனே என் பெயரைப் போட்டு, ‘நவமணிக்கு அவசரமாகப் பணம் வேண்டும்’ என்று எங்கள் ஊர் கியா பார்ம் முழுக்கச் செய்தி போய்விடும். மானம் கப்பலேறியது.

கடையில் ஆன்லைன் ஆர்டர்களைக் கவனிக்கிற யுவனேஸ்வரன், திருடர்கள் இதுவரை அனுப்பிய செய்திகளையெல்லாம் திரட்டிக் கணினியில் போட்டு அலசினான்.

“கண்டுபிடிச்சிட்டேன்க்கா. நம்ம கஸ்டமர் யாரும் வணக்கம் சொல்றதில்ல. ‘ரோஸ் இருக்கா, கடைசி வெல சொல்லு லா’, அவ்ளோதான். திருடன்தான் வணக்கம் சொல்லி, நலமான்னு கேட்டு, அவசரம்னு சொல்லி, நன்றியும் சொல்றான்.”

மரியாதையாக வருகிற செய்திகளைத் தடுக்க ஒரு புரோகிராம் எழுதி, கடைக் கைப்பேசியிலும் தன்னுடையதிலும் போட்டான். அதன்பின் ஒரு திருடனும் எட்டிப் பார்க்கவில்லை. பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில்தான் விக்னேஸ்வரியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தான். பக்கத்து ஊர் தானா ராத்தாவில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். வாயைத் திறந்தால் திட்டுதான். “யோசிச்சு மெசேஜ் போடுறேன்” என்றாளாம்.

பதில் வரவில்லை. பையன் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தான். பக்கத்திலிருக்கிற ரிங்லெட்டுக்குப் போகவேண்டிய ரோஜாவைக் கோலாலம்பூர் லோரியில் ஏற்றிவிட்டான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சுற்றுலாக் கூட்டத்தை இடித்துக்கொண்டு விக்னேஸ்வரியே வந்தாள்.

“ஏன்டா பதில் போடல? வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்ல?”

“நீ எங்க போட்ட?”

அவள் நீட்டிய கைப்பேசியை நான்தான் வாங்கிப் படித்தேன். ‘வணக்கம். நலமா? எனக்கு முழுச் சம்மதம். அம்மா வேறு மாப்பிள்ளை பார்க்கிறார், அவசரம். நன்றி.’

பிறந்ததிலிருந்து முதல்முறையாக மரியாதையாக எழுதியிருக்கிறாள். புரோகிராம் அவளைத் திருடர்களோடு சேர்த்து அடைத்துவிட்டது.

யுவன் திக்கித் திணறி விளக்கினான். அவள் என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடுங்கி எதையோ தட்டி அனுப்பினாள். அவன் கைப்பேசி உடனே மணியடித்தது. படித்தவன் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

நானும் எட்டிப் பார்த்தேன். அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள். கடைசி வரியில் மட்டும், அம்மா அந்த மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதற்குள் வந்து பெண் கேள் என்றிருந்தது.

இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். அன்றைய கூட்டத்தை நான் ஒருத்தியாகச் சமாளித்தேன். சந்தோஷமாகத்தான்.