உரித்த கூலி

பசியில் நயீம் அகமதுக்கு வயிறு இழுத்துப் பிடித்தது. பக்ரீத் அன்று தொழுதுவிட்டு வந்து ஆட்டை அறுத்து, அதன் ஈரல் துண்டு வாயில் விழும்வரை ஒன்றும் தின்பதில்லை. முந்தின ராத்திரி குடித்ததும் கஞ்சிதான். ஈத்காத் திடலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது காது அடைத்தது. கை வேறு எரிந்தது. சுண்ணாம்புக் குழியில் வெடித்த விரல்களில் பெண்சாதி பில்கிஸ் காலையில் அத்தர் தடவிவிட்டிருந்தாள்.

நகம் நீண்டு கிடந்தது. குர்பானி கொடுக்கிறவன் பிறை கண்ட நாளிலிருந்து அறுத்து முடிக்கும்வரை நகமும் முடியும் வெட்டாமலிருக்க வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் அது நடக்காத காரியம். ஊறின தோலில் நகம் பட்டால் கீறல் விழும். கீறின தோல் சீமைக்கு ஏறாது. மேஸ்திரியும் துலுக்கர்தான். "நகம் வெட்டாதது சுன்னத்து, நபி வழி. தோல் கீறினா மொதலாளிக்கு நஷ்டம். ரெண்டும் நெஜம். நீ பட்டை இடிக்கிற பக்கம் போ" என்று அனுப்பிவிட்டார். ஆவாரம்பட்டை இடிக்கிறவனுக்குப் பாதிக் கூலி. சீமைச் சண்டை முடிந்து தோல் விலை படுத்துப்போன வருஷம் வேறு. பெருநாளன்று அவன் சட்டைப்பையில் பைசா இல்லை.

ஆடு மட்டும் இருந்தது. போன வருஷம் செத்துப்போன தகப்பன் பேரில் கொடுப்பதற்காகக் குட்டியாக வாங்கி, கழுநீரும் தழையும் போட்டு வளர்த்தது. அந்த மனுஷன் அதே ஷாப்பில் முப்பது வருஷம் ஊரார் குர்பானித் தோலையெல்லாம் சதை சீவினவன். தன் பேரில் ஒரு ஆடு அறுக்க வக்கில்லாமலே போய்ச் சேர்ந்தான். இந்த ஒரு குர்பானியாவது அவனுக்குக் குறையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நயீமுக்கு.

உரிக்கக் காசியைக் கூப்பிட்டிருந்தான். காசி ஷாப்பில் பக்கத்துக் குழியில் நிற்கிறவன், சேரிக்காரன். கத்தி படாமல், ஓட்டை விழாமல் உரிப்பான். கையில் காசில்லாதவர்கள் உரிக்கிறவனிடம் தோலையே கூலியாகத் தள்ளிவிடுவது அங்கே எந்த நாளும் நடப்பது. முந்தின சாயங்காலம் நயீமும் அந்த வாய் வழக்கத்திலேயே, "தோல நீ எடுத்துக்கோ காசி" என்று சொல்லிவிட்டான். காசிக்குச் சந்தோஷம். மண்டியில் போட்டுக் காசாக்கி, ஒரு ஆளைக் கூலிக்கு வைத்து, மழைக்கு முன்னால் வீட்டுப் பின்சுவரை எழுப்பிவிடலாம்.

குத்பாவில் இமாம் அதைத்தான் பிடித்தார். குர்பானித் தோலை விற்றுத் தின்றவனுக்குக் குர்பானி இல்லை. தானமாகக் கொடு. உரிக்கிறவனுக்குக் கூலி உன் கையிலிருந்து கொடு. பிராணியிலிருந்து தோலோ கறியோ கூலியாகக் கொடுக்காதே.

நயீமுக்குப் பசி ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

பெருநாள் தொழுகைக்குப் போன வழியிலேயே திரும்பக்கூடாது என்பதால் ஷாப்புகளுக்குப் பின்னால் பாலாற்றுக் கரையோரம் சுற்றி வந்தான். வாய் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னது. மனசு காசியிடம் எப்படிச் சொல்வது என்று பார்த்தது. வீடு வந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

வாசல் வேப்பமரத்தடியில் காசி குந்தியிருந்தான். "இன்னா பாய், சொந்த ஊர்ல வழி தவறிட்டீங்களா?"

"வேற வழியாத்தான் வரணும்."

"பசிச்சவன சுத்து வழில வுடுறாரே. நம்ம மேஸ்திரிய விட ஜாஸ்தியா வேலை வாங்குறாரு உங்க ஆண்டவரு."

சொல்வதற்கு அதுதான் நேரம். நயீம் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான். சொன்னால் காசி எழுந்து போய்விடுவான். இன்று வேறு ஆள் கிடைக்காது.

ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். கத்தியை நயீம் அதன் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். மேற்குப் பார்க்கக் கிடத்தி, தகப்பன் பேரை நினைத்து, பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். துடிப்பு அடங்கியபின் காசி அதைக் கிளையில் தலைகீழாகக் கட்டினான். தொடையில் கீறி, கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விட்டுக் குத்தினான். தோல் சட்டை கழற்றுவதுபோல இறங்கியது. இடுப்புவரை வந்திருக்கும், அநாதைப் பிள்ளைகளை வைத்து ஓதவைக்கும் மதரஸாவின் வண்டி தெருவில் நுழைந்தது.

"குர்பானித் தோல்! யத்தீம் பிள்ளைங்களுக்கு குர்பானித் தோல்!" வண்டியோடு வந்த பெரியவர் மரத்தடியில் நின்றார். "தம்பி, இது முடிஞ்சதும் போட்டுடுங்க."

"இது போற எடம் வேற, பெரியவரே" என்றான் காசி. "இது என் கூலி."

பெரியவர் நயீமைப் பார்த்தார். "கூலியா? காலையில குத்பா கேக்கலியா நீ?"

காசி முஷ்டியை வெளியே எடுத்தான். "இன்னா பாய் சொல்றாரு இவரு?"

"தோல கூலியா குடுக்கக் கூடாதாம் காசி. இன்னிக்கு மட்டும்."

"நேத்து சொன்னியே?"

"தெரியாம சொல்லிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"...ஈத்காவுல."

"அப்ப நான் கத்தி வெக்கிறதுக்கு முந்தியே தெரியும்." காசி கத்தியைப் புல்லில் துடைத்தான். "சரி, கறியா குடு. ஒரு தொடை."

பக்கத்து வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் முனவ்வர் பேகத்தின் குரல் படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. "அதுவும் கூலியா ஆவாது! அன்பளிப்பா எவ்ளோ வேணும்னாலும் குடு, கூலின்னு சொல்லிக் குடுக்காதே! தலை, காலு, கொடலு எதுவுமே கூலியா ஆவாது!"

"தோலும் கூலி இல்ல, கறியும் கூலி இல்ல" என்றான் காசி. "அப்ப கூலி இன்னா பீபிம்மா? நீங்க ஓதுறதா?"

காசி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். பாதித் தோலோடு ஆடு தொங்கியது. ஈ மொய்க்க ஆரம்பித்தது. ஈரல் உள்ளே இருந்தது. வீட்டுக்குள் அடுப்பு வெறுமனே எரிந்தது.

பில்கிஸ் கதவோரம் வந்து புருஷனிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "முந்தியே சொல்லியிருந்தா அந்த ஆளு கோச்சுக்கினு போயிருப்பாரு, அவ்ளோதானே. இப்ப உங்கப்பா குர்பானி அந்தரத்துல தொங்குது பாருங்க."

நயீம் காசிக்கு எதிரே போய்க் குந்தினான். "அடுத்த வாரக் கூலில தர்றேன்."

"அடுத்த வாரம் ஷாப்பு இருக்குமா? மேஸ்திரிக்கே தெரியாது. எனக்குச் செவுரு வேணும் பாய், மழைக்கு முந்தி. அந்தத் தோல்ல ஒரு நாள் ஆளு வெக்கிறதா இருந்தேன்."

"நான் வர்றேன்."

"எங்க?"

"உன் வீட்டுக்கு. மண்ணு மிதிக்க."

வண்டிக்காரப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "சேரிக்கா போவே?"

"குழியில இவன் மிதிச்ச தண்ணியத்தான் நானும் மிதிக்கிறேன்" என்றான் நயீம். காசியைப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. ஜும்மாவுக்கு மட்டும் போயிடுவேன்."

"அப்ப அரை நாள்தான் ஆவும்."

"ரெண்டு வெள்ளிக்கிழமை."

காசி அவன் கைகளைப் பார்த்தான். "மொதல்ல அந்த நகத்த வெட்டிக்கினு வா. மண்ணு பூந்தா அழுவே." எழுந்து கத்தியை வாயில் கவ்வினான்.

தோல் ஓட்டையில்லாமல் இறங்கி மதரஸா வண்டியில் ஏறியது. கறி மூன்று கூறாயிற்று: வீட்டுக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. ஈரலை பில்கிஸ் தணலில் வாட்டிக் கொடுத்தாள். நயீம் நின்றபடியே தின்றான். காசி வீட்டுக்கு ஒரு பங்கை அவள் இலையில் கட்டிக் கொடுத்தபோது, "இது கூலி இல்ல, சொல்லிட்டேன்" என்றாள். "கூலி இல்லன்னா தாராளமா குடுங்கம்மா" என்று காசி வாங்கிக்கொண்டான்.

முதல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் நயீம் போனான். காசியின் பெண்சாதி பட்டம்மாள் தண்ணீர் ஊற்ற, வைக்கோல் போட்ட மண்ணை முழங்கால் புதைய மிதித்தான். காசி உருண்டை உருண்டையாக எடுத்துச் சுவர் வைத்தான். ஜும்மாவுக்குக் கால் கழுவியபோது சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது.

"உங்கப்பாவுக்குப் போய்ச் சேந்துச்சா பாய்?" என்றான் காசி.

"உன் செவுரு முடியட்டும். அப்புறம் கேளு."

இரண்டாவது வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. அதற்கடுத்ததிலும் விடவில்லை. முழங்கால் உயரச் சுவரை ஓலையால் மூடி வைத்துவிட்டு, காசியின் வீட்டார் முன்பக்கமாக ஒண்டிப் படுத்தார்கள்.

நயீம் அகமது காசிக்கு அரை நாள் மண் மிதிப்பு இன்னும் பாக்கி.