கண்ணாடி இல்லாத வளையங்கள்

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டு. நீர்வேலிக் கிராமத்துக்கு விவசாயப் போதனாசிரியராக வந்து ஆறு மாதமாகியும் ஞானாம்பிகையால் தோட்டக்காரர் நமசிவாயத்தை நம்பவைக்க முடியவில்லை. அவருடைய வாழைகளில் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றன. குருத்தடியில் ஒளிந்திருக்கும் கறுத்த அழுக்கணவன் பூச்சிதான் நோயைப் பரப்புகிறது, நோய் கண்ட மரங்களைக் கிழங்கோடு தோண்டி எரிக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். கடுகளவு பூச்சி ஒரு மரத்தைக் கெடுக்குமா என்று அவர் கேட்டார்.

பூச்சியைப் பெரிதாகப் படம்பிடித்துக் காட்டலாம் என்று நினைத்து, ஜேர்மனியிலிருந்த தம்பி பரமலிங்கத்துக்கு எழுதினாள். அவன் தன் பழைய கமராவையும் மூன்று கறுப்பு வளையங்களையும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். வளையங்களுக்குள் கண்ணாடியே இல்லை. விரலை விட்டால் மறுபக்கம் வந்தது. கூட இருந்த தாளோ ஜேர்மன் மொழியில் இருந்தது. வழியில் யாரோ கண்ணாடிகளைக் கழற்றிவிட்டார்கள் என்றே எண்ணினாள்.

பட்டணத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்த றஊப்பிடம் கொண்டுபோனாள். கலியாண வீடுகளைப் படம்பிடிக்கும் அவரும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. வளையங்களைக் கமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் பூட்டி, வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். வெறும் புகை. லென்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் புகைதான். பழுதாய்ப் போன சாமான் என்று திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் வைத்தபடியே மேசைப் பக்கம் குனிந்தாள். புகைக்குள்ளிருந்து தடித்த கயிறுகள் போல ஏதோ எழுந்து மறைந்தது. இன்னும் கிட்டக் குனிந்தபோதுதான், மேசையில் விழுந்திருந்த தன் சேலைத் தலைப்பின் நூல் அது என்று விளங்கியது.

“றஊப் நானா, இது தூரத்தைக் காட்டாது போலை கிடக்கு. முட்டுற அளவுக்குக் கிட்டப் போனால்தான் தெரியுது.”

றஊப் தானும் குனிந்து பார்த்தார். வளையம் லென்சை முன்னுக்குத் தள்ளுவதால்தான் அப்படி இருக்கவேண்டும், உள்ளே இருட்டாக இருப்பதால் நல்ல வெயிலில் எடுக்கவேண்டும் என்று யோசித்து யோசித்துச் சொன்னார்.

தோட்டத்தில் அவள் பட்ட பாடு வேறு. மூச்சு விட்டாலே படம் கலங்கியது. பூச்சியின் கால் தெளிந்தால் தலை மங்கியது. காற்று இலையை அசைத்தது. அவளுடைய நிழலே வெளிச்சத்தை மறைத்தது. கடைசியில் லென்சைத் திருப்புவதை விட்டு, முழங்காலில் நின்று உடம்பையே முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தாள். முப்பத்தாறு படங்களில் ஒன்றுதான் தேறியது. றஊப் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார்.

நமசிவாயம் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“உது என்ரை மரத்திலை இல்லைப் பிள்ளை. உவ்வளவு பெரிசு இருந்தால் நான் காணாமல் விடுவனே?”

 பூச்சி சிறியதுதான் என்று அவள் சொன்னால் அவருடைய பழைய கேள்விக்கே திரும்பவேண்டும். கமராவை அவர் கையில் கொடுத்துக் குருத்தடியைக் காட்டினாள். அவர் முன்னே போனார், பின்னே வந்தார், ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு அசையாமல் நின்றார்.

“நடக்குது,” என்றார் மெதுவாக.

கமராவை விலக்கி வெறுங்கண்ணால் பார்த்தார். மறுபடி கமராவுக்குள் பார்த்தார். இரண்டில் எது சரி என்று கேட்டார். இரண்டும் சரி என்றாள் அவள்.

அந்தக் கிழமை முடியுமுன் அவர் ஏழு மரங்களைத் தோண்டி எரித்தார். ஏனென்று கேட்ட பக்கத்துத் தோட்டக்காரரிடம், பூச்சி சிறியதுதான், ஆனால் அவ்வளவு சிறியதில்லை என்றாராம். அதைக் கேள்விப்பட்ட ஞானாம்பிகைக்கு, தான் அவரை நம்பவைத்தாளா குழப்பிவிட்டாளா என்று பிடிபடவில்லை.