மாடியில் ஒரு முதுகு வைத்தியம்

கைரோபிராக்டிக் என்னும் முதுகெலும்பு வைத்தியத்துக்கு முதன்முதலாகக் கிளினிக் திறப்பவர்கள் செய்யக்கூடாத தவறுகள் என்னென்ன என்று யுகேந்திரன் முறையாகப் படித்துவிட்டுத்தான் கிளினிக் திறந்தான். பங்சாரில் ஒரு ஹோட்டலில் அதற்கென்று பயிலரங்கு நடந்தது. நடத்தியவர் சுகுமாறன். அவருக்கு முதுகெலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. முன்பு தண்ணீர் வடிகட்டி விற்றார், அதற்கு முன்பு இன்சூரன்ஸ். ஒரு தொழில் எங்கே சறுக்கும் என்பது தனக்கு அத்துப்படி என்பார். அவர் தொட்ட தொழில் அத்தனையும் சறுக்கியிருந்ததால் அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

"போர்டு கண்ணுல படாம இருக்கக்கூடாது. மட்டமான கட்டில் வாங்கக்கூடாது. திறப்பு விழா இல்லாம திறக்கவே கூடாது பாஸ்," என்றார் சுகுமாறன். "அதுக்கு டத்தோ பட்டம் வாங்கின ஒரு பெரிய மனுஷன் வரணும். டத்தோ வராத கடைக்கு யாரு வருவா?"

யுகேந்திரன் தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டான். போர்டு கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியைப் பிடித்தான். மோனோரயிலில் போகிற அத்தனை பேருக்கும் போர்டு பளிச்சென்று தெரியும். லிப்ட் கிடையாது. மாடிப்படி குறுகலாகச் செங்குத்தாக ஏறி, ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்கவிட்டு, மறுபடியும் ஏறும்.

அவன் மனைவி மாதவி ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். இடம் பார்க்க வந்த அன்றே படிக்கட்டுக்குக் கீழே நின்றுவிட்டாள்.

"இடுப்பு வலிக்காரங்க இதுல எப்படிங்க ஏறுவாங்க?"

"சுகுமாறன் சார் சொன்ன தவறுல படிக்கட்டு வரலையே."

"அவருக்கு இடுப்பு வலி வந்திருக்காது."

"நீ எப்பவும் இப்படித்தான் லா," என்றான் யுகேந்திரன். மாதவி திரும்பி நடந்தாள். படித்த பிள்ளைக்கு மாடிப்படியைப் பற்றிப் பாடம் எடுக்க எந்த மனைவிக்கும் பொறுமை இருக்காது.

வெளிநாட்டிலிருந்து மின்சாரக் கட்டில் வந்தது. பட்டனைத் தட்டினால் ஏறும், இறங்கும், இரண்டாக மடங்கும். அதை மேலே கொண்டுபோன லோரிக்காரர்கள் திருப்பத்தில் நின்று அவனுடைய பரம்பரையையே வாழ்த்தினார்கள். கட்டில் வந்தது, போர்டு வந்தது. நோயாளிதான் வரவில்லை. போன் அடித்தபோதெல்லாம் பேசியது காலண்டர் அச்சடிக்கிறவர்களும் ஏர்கோன் கழுவுகிறவர்களும்தான். தன்னை முன்பின் தெரியாத ஒருவர், வலிக்கிறது என்று தன் கைகளை நம்பி வரவேண்டும். அந்த ஒருவர் வந்துவிட்டால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று அவன் நம்பினான். வராவிட்டால், தான் படித்தது ஒரு வைத்தியமா வித்தையா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல அவனிடம் எதுவும் இருக்காது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த ஒருவர் அழைத்தார்.

"கிள்ளான்லேர்ந்து பேசுறேன். குமுதா. தமிழ்ப்பள்ளியில தலைமையாசிரியையா இருந்தேன். ரொம்ப நாளா இடுப்பு வலி. பாப்பீங்களா?"

யுகேந்திரனுக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே வரச்சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் சுகுமாறனைக் கேட்டான். முதல் நோயாளியை டத்தோ முன்னிலையில் பார்த்தால் போட்டோ நன்றாக வரும் என்றார் அவர். ஒரு வாரம் வலியைப் பொறுத்துக்கொண்டு திறப்பு விழாவுக்கு வரும்படி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. அவனுக்கு அன்று வரவில்லை.

விழா காலை பத்து மணிக்கு. கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையை ஒட்டிக் கூடாரம், சிவப்புக் கம்பளம், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. படிக்கட்டின் பக்கத்தில் ஆளுயரப் பதாகை: 'முதுகைக் காப்போம்! கனமான பொருளை முழங்காலை மடக்கித் தூக்குங்கள்.' டத்தோ உட்காரும் மெத்தை நாற்காலி கடைசி நேரத்தில்தான் வந்தது. இறக்க ஆளில்லை. யுகேந்திரன் கோட்டும் சூட்டுமாகப் போய், அந்தப் பதாகைக்கு நேர் எதிரே, முழங்காலை மடக்காமல் அதைத் தூக்கினான். இடுப்பில் ஏதோ ஒன்று சுருக்கென்றது. படித்தவன் ஆகையால் அது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? டத்தோ வரும் நேரம்.

டத்தோ வேலாயுதம் பல சங்கங்களுக்குத் தலைவர். எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே மாதிரி தாமதமாகப் போவார், அதில் பாரபட்சம் பார்க்கமாட்டார். "டத்தோ வந்துக்கிட்டே இருக்காரு," என்று சுகுமாறன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் டத்தோ ஷா ஆலமில் வீட்டை விட்டே கிளம்பியிருக்கவில்லை என்று பிறகு டிரைவர் சொல்லித் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் நெளிந்தார்கள், எழுந்து நின்றார்கள், இடுப்பில் கைவைத்து வளைந்து நிமிர்ந்தார்கள். முதுகு வலி இல்லாமல் வந்தவர்களுக்கும் அன்று இலவசமாக முதுகு வலி கிடைத்தது.

முன்வரிசை ஓரத்தில் ஒரு அம்மா, வீட்டிலிருந்தே கொண்டுவந்த சின்னத் தலையணையை இடுப்புக்கு வைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தார். மாதவிதான் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"அவங்கதாங்க குமுதா டீச்சர். பாவம், கொமுட்டர் ரயில்ல வந்திருக்காங்க. மேல கூட்டிட்டுப் போய் பாத்துடுங்களேன். அவங்களால ஏற முடியுமான்னுதான் தெரியல."

"டத்தோ வந்துறட்டும்."

பன்னிரண்டு மணி வாக்கில் டத்தோ வந்தார். நாதஸ்வரம் முழங்கியது. யுகேந்திரன் மாலை போட்டான், பொன்னாடை போர்த்தினான், பிறகு நம் வழக்கப்படி காலைத் தொடக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. காலையில் சுருக்கென்ற இடம் இப்போது பூட்டுப் போட்டு விட்டது. உலகத்தில் மிச்சமிருந்தது டத்தோவின் பளபளப்பான சப்பாத்துகள் மட்டுமே. அதில் தன் முகம் தெரிவதை அவன் பார்த்தான்.

முதுகு வைத்தியனுக்குத் திறப்பு விழாவிலேயே முதுகு பிடித்துக்கொண்டது என்று ஒருவர் கண்டுகொண்டாலும் போதும், போர்டைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்க்கவேண்டியதுதான். வியர்த்துக் கொட்டியது. ஆனால் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. டத்தோ முன்னால் ஓர் ஆள் குனிந்து நிற்பதில் அந்தக் கூட்டத்துக்கு என்ன விநோதம் தெரியும்? குனியாமல் நின்றிருந்தால்தான் என்ன ஏது என்று விசாரித்திருப்பார்கள்.

டத்தோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில் அவனுக்குக் கண்ணில் பொறி பறந்தது.

"படிச்ச பிள்ளை. எவ்வளவு பணிவு பாருங்க. இந்தக் காலத்துல இப்படி யாரு இருக்கா?" என்று டத்தோ மைக்கைப் பிடித்தார். அவன் குனிந்தபடியே நகர்ந்து அவர் பக்கத்தில் நின்றான். டத்தோ இளைஞர்களைப் பற்றிப் பேசினார், ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், எதிர்க்கட்சிக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். "நம்ம சமுதாயம் தலை நிமிர்ந்து நிக்கணும்," என்று அவர் முடித்தபோது பலத்த கைத்தட்டல். யுகேந்திரனும் தட்டினான், கம்பளத்தைப் பார்த்தபடி.

சுகுமாறன் ஓடிவந்து காதில் முணுமுணுத்தார். "பாஸ், செம்மயா பண்றீங்க. இத நான்கூட சொல்லிக்கொடுக்கல."

பிறகு டத்தோ, "வாங்க தம்பி, கிளினிக்கக் காட்டுங்க," என்று படிக்கட்டை நோக்கி நடந்தார். யுகேந்திரனும் ஊர்ந்து போனான். முதல் படியில் காலை வைக்கப் பார்த்தான். வலி காலிலிருந்து கழுத்துவரை இழுத்தது. தன் படிக்கட்டை அவன் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான் என்று சொல்லவேண்டும். டத்தோவும் அண்ணாந்து பார்த்தார்.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவதுங்க டத்தோ."

"எனக்கு முட்டி கொஞ்சம் சரியில்ல தம்பி. இன்னொரு நாளைக்கு," என்றார் டத்தோ. மேலே வாசலில் வெட்டவேண்டிய ரிப்பனைப் படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டச் சொல்லி, கீழேயே வெட்டிவிட்டு, காரில் ஏறினார். அவர் பின்னால் கூட்டமும் பிரியாணிப் பொட்டலத்தோடு கலைந்தது. டத்தோ காருக்குப் பின்னாலேயே சுகுமாறனும் போய்விட்டார், ஜெஞ்சாரோமில் அவருக்கு இன்னொரு திறப்பு விழா இருந்தது. மேலே மின்சாரக் கட்டில் சும்மா கிடந்தது.

குமுதா டீச்சர் மட்டும் போகவில்லை. தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்.

"டாக்டர், மாடி ஏற முடியாதவங்கள எங்க வச்சுப் பாப்பீங்க?"

யுகேந்திரன் குனிந்தபடியே அவர் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்றான். "இன்னிக்கு..."

"தெரியும். நீங்க குனிஞ்சப்பவே பாத்தேன்."

"எப்படி?"

"தலைமையாசிரியையா இருந்தவ நான். பள்ளிக்கூடத்து விழாவுல டத்தோவுக்குக் குனியறவங்கள எவ்வளவோ பாத்துட்டேன். அவங்க யாரு முகத்துலயும் வலி இருக்காது."

மாதவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். யுகேந்திரனுக்கு அழுகை வந்தது. அவன் அடக்கவில்லை. காலையிலிருந்து அத்தனை பேர் பாராட்டியதில், ஒருவர்தான் அவனைப் பார்த்திருந்தார்.

டீச்சர் மெல்ல அவனை டத்தோவின் மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, தன் தலையணையை அவன் இடுப்புக்கு வைத்தார்.

"இது இல்லாம கொமுட்டர்ல எப்படி டீச்சர் போவீங்க?"

"வந்த வலியோடதானே போறேன். வச்சுக்குங்க. கீழ்த்தளத்துல ஒரு இடம் பாத்துட்டுப் போன் பண்ணுங்க, வந்து வாங்கிக்கிறேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி வழியாக ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். நடுவில் ஒருமுறை நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்த் தாங்கிக்கொள்ள அவனால் முடியவில்லை. மாதவி ஓடினாள்.

தலைக்கு மேலே மோனோரயில் ஒன்று கடந்து போனது. அதில் இருந்தவர்களுக்குப் போர்டு நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.