முகம் மட்டும் அண்ணனுடையது

"தலையை ஆட்டாம நேரா பாருண்ணே. என் பக்கம் திரும்புனா மாட்டிக்கிடுவ," என்றாள் சஹானா.

ஆன்லைன் தேர்வு தொடங்க இருந்தது. சூர்யா லேப்டாப் கேமராவுக்கு முகத்தைக் கொடுத்தான். தங்கை சஹானா கேமராவில் படாமல், திரை தெரியும்படி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பில் இணைத்த இன்னொரு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள். முகம் அவனுடையது, மூளை அவளுடையது. நல்ல பங்கீடுதான், போங்கள்!

வெறும் டிகிரியை நம்பி நாளைக்கு யாரும் வேலை தர மாட்டார்கள் என்று சூர்யாவின் புனே கல்லூரி குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தியது. டேட்டா அனலிசிஸ் சான்றிதழ் கிடைத்தால் கம்பெனிப் பயிற்சி நிச்சயம். பாடம் பார்த்தது, ப்ராஜெக்ட் செய்தது எல்லாம் சஹானா. பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணனைவிட நல்ல மார்க் வாங்கியவள். "பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுப் படிப்பு போதாதா? நீ என்னல சொல்லுத?" என்று புனே போசரி பாக்டரியில் வேலை முடிந்து வந்த அப்பா கேட்டபோது, லேப்டாப்பைப் பங்கு போட வேண்டி வருமே என்று பயந்து, "அவ வீட்லயே இருக்கட்டும்பா," என்றவன் இந்தச் சூர்யாதான். உதவி என்ற பேரிலாவது பாடத்தைத் தொடக் கிடைக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் அவனை அரித்தது.

கேள்விகள் முடிந்தன. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரையில் ஓர் ஆசிரியை வந்தார். ப்ராஜெக்ட்டில் விற்பனை குறைந்த காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இந்தியில் கேட்டார்.

சூர்யா ஓரக்கண்ணால் கீழே பார்த்தான். பதில் தெரிந்த சஹானா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"என் தங்கச்சி மேடம். எல்லாம் இவ செஞ்சதுதான்."

சஹானா இந்தியிலேயே விளக்கினாள். எங்கும் தடுமாறவில்லை. ஆசிரியை சூர்யாவின் தேர்வை ரத்து செய்தார். பிறகு அவளிடம், "நீ எந்தக் கல்லூரிம்மா?" என்று கேட்டார்.

"அவ எங்க படிக்கா மேடம், வீட்ல சும்மாதான் இருக்கா," என்று காலை நாஷ்டா தட்டோடு வந்த அம்மா தமிழரசி முந்திக்கொண்டு இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

திரை அணைந்த பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. "பாவி! பிள்ள படிப்பைக் கெடுத்துட்டியேட்டி!" என்று சஹானாவின் முதுகில் ஓர் அறை வைத்தாள். மறுபடி ஓங்கிய கையைச் சூர்யா பிடித்துக்கொண்டான்.

"அவ படிப்பைக் கெடுத்தது நான்மா. அடிக்கணும்னா என்னை அடி."

அம்மா கையைத் தொங்கப்போட்டாள்.

"ஆம்பளப் பிள்ளயை எப்பிடில அடிக்க?" என்றாள்.