மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் உண்டு

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. முதியோர் குடியிருப்பில் மூன்றாம் மாடி அறையைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கேட்கும் படிவம், ஒரே பக்கம். அப்பாவின் பெயர், அறை எண் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'பொறுப்பாளர் கையெழுத்து' என்ற இடம் மட்டும் காலி. அங்கே போட வேண்டியவள் நான். பத்து நாளாகக் கைப்பையில் கிடக்கிறது. போடவும் மனம் வராமல், கிழிக்கவும் துணிவில்லாமல், கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இனி என்னை 'மகள்' என்றே எழுதப் போகிறேன். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் அவளைத் திட்ட முடியும்.

2

முதல் தொடக்கம்: 'ஜன்னலோரம் உட்கார்ந்து, வராத மகளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார் அந்த முதியவர். அவர் கண்களில்

(நிறுத்திவிட்டேன். வடிகட்டின பொய். மகள் வாராவாரம் போகிறாள். போகும்போதெல்லாம் அறை பூட்டியிருக்கிறது. வராந்தாவில் தேவுடு காப்பது அவள்தான்.)

இரண்டாவது தொடக்கம்: 'குடியிருப்புக்குப் போன நான்கே மாதத்தில் அவருக்கு உடம்பு தேறியது, முகம் தெளிந்தது

(இது உண்மை. ஆனால் விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது. எழுதும்போதே வயிறு எரிகிறது. என் வீட்டில் இரண்டு வருடம் தேறாத உடம்பு அங்கே மட்டும் எப்படித் தேறியது?)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

அப்பா முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா போனபிறகு மகள் வீட்டுக்கு வந்தார். வந்த புதிதில் மாடிப்படியில் கால் இடறி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் மாடிப்படியின் அடியில் ஒரு மரக்கதவு போட்டுப் பூட்டினாள். காபி கட்டிலுக்கே வந்தது. செருப்பை அவளே குனிந்து மாட்டிவிட்டாள்.

"நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்."

காலையில் எழுந்ததிலிருந்து இதுதான் அவள் வாயில். அவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து கால் சூம்பியது. சாப்பாடு அரை வயிறானது. பேச்சு 'ம்', 'ம்ஹும்' என்று சுருங்கியது. ஒருநாள் காலை, முதியோர் குடியிருப்பு விளம்பரம் வந்திருந்த தினசரியை மடித்து வைத்துவிட்டு, "நான் அங்க போய் இருந்துக்கறேம்மா" என்றார். மகள் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கே தரைத்தளத்தில் அறை காலியில்லை. லிஃப்ட் இருக்கிறதே என்று மகள் மூன்றாம் மாடிக்கு ஒப்புக்கொண்டாள். சேர்ந்த அன்றே அப்பா அதில் ஒருமுறை ஏறி இறங்கினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "பிரேக் சரியில்ல. இதுல நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். லிஃப்ட்டோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவர் சொன்னால், எதிர்த்து யார் வாய் திறப்பது?

படியில் ஏறினார். முதல் மாதம் பிசியோதெரபி செய்கிற பெண் கூடவே வந்தாள். படி திரும்புகிற இடங்களில் மூச்சு வாங்கிக்கொள்ள நாற்காலி போட்டார்கள். நாற்காலி கிடந்தால் ஆள் வராமல் இருப்பார்களா? இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு, அங்கேயே குடியிருக்கிற ரிட்டயரான கணக்கு டீச்சர் வந்தார். அப்புறம் பேங்க்காரர் வந்தார். மற்றவர்கள் இவர்களைப் 'படிக்கட்டுக் கட்சி' என்கிறார்கள். கொள்கை, கொடி ஒன்றும் கிடையாது, வம்புதான். அப்பாவுக்குப் பசி எடுத்தது. தூக்கம் வந்தது. சிரிக்கும்போது மேல் பல்செட் கழன்றுவிடுகிறது என்று புகார் வேறு.

(அந்தச் சிரிப்பை மகள் முதலில் கீழே நின்று கேட்டாள். வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். இந்த இடத்தைப் பெரிதாக எழுத நினைத்திருந்தேன். முடியவில்லை.)

4

மகள் என்ன செய்தாள்? புகார் எழுதினாள். லிஃப்ட்டைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் கீழே அறை கொடுங்கள் என்று. மேலாளர் அம்மாள் அவள் எதிரிலேயே லிஃப்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டார்.

"லிஃப்ட்ல ஒரு குறையும் இல்ல மேடம்."

"எங்கப்பா பிரேக் சரியில்லன்னு சொல்றாரே?"

அவர் தலையைச் சொறிந்தார். "சாரும் என்கூட மெஷின் ரூமுக்கு வந்து பாக்கறார் மேடம். போன மாசம்கூட, 'பிரேக் அருமையா இருக்குப்பா, வெளியில சொல்லிடாத'ன்னார்."

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை நீட்டினார். கீழே ஒரு அறை காலியாகியிருந்தது.

மகள் விறுவிறுவென்று படியேறினாள். அவளுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அப்பா இரண்டாம் மாடி நாற்காலியில் இருந்தார்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

அவர் மழுப்பவில்லை. "படி ஏறணும்னு ஆசையா இருக்குன்னு சொன்னா விட்டிருப்பியாம்மா?" *

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழலாம். இல்லன்னு சொல்லல. நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னா கீழ வந்துடறேன். உன்னை நிம்மதி இல்லாம வெச்சிட்டு எனக்கு என்ன படி வேண்டிக் கிடக்கு?"

இப்படிப் பேசுகிற மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

* இந்தக் கேள்விக்கு மகள் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நன்றாக இருந்தன. உண்மையில் அவள் பதிலுக்கு இன்னொரு கேள்விதான் கேட்டாள்.

5

முடிவு ஒன்று: மகள் கையெழுத்துப் போடுகிறாள். அப்பா கீழே வருகிறார். பத்திரமாக உட்கார்ந்

(அதை நான் ஏற்கெனவே இரண்டு வருடம் பார்த்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மகள் படிவத்தைக் கிழிக்கிறாள். ஒரு மழைநாள், ஈரப் படியில் அப்பாவின் கால்

(மாட்டேன். எழுதமாட்டேன்.)

கதையில் படிக்கட்டு வந்தால் யாராவது விழுந்தாக வேண்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். நானும் கதை படிக்கிறவள்தான், அந்தக் கெட்ட புத்தி எனக்கும் உண்டு. கதையை முடிக்காதவரை அவர் விழமாட்டார் என்ற அசட்டு நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பயம் பாதிதான். மீதி பொறாமை. நான் பார்த்துப் பார்த்துச் செய்தபோது வராத சிரிப்பு, நான் இல்லாத இடத்தில் வந்துவிட்டது.

6

இன்று வந்திருக்கிறேன். 'மகள்' வேண்டாம், நானே. படிவம் பையில் இருக்கிறது. படிக்கட்டின் அடியில் நிற்கிறேன். மேலே நாற்காலி நகரும் சத்தம். டீச்சர் ஏதோ சொல்கிறார், அப்பா சிரிக்கிறார். கம்பிக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்.

"நீ உக்காரும்மா. நானே வர்றேன்."

கையைக் கம்பியில் வைத்துவிட்டார். வலது காலை எடுக்கிறார்.

பேனாவை மூடுகிறேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துவிடாதீர்கள்.